படிக்காமல் விட்ட கேள்வி

குமாரபாளையத்தில் தறி ஓடுகிறவரை அதன் சத்தம் யார் காதிலும் விழாது. நின்றால்தான் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொங்கல் முடிந்த ஒரு முற்பகலில், தீனதயாளன் வீட்டையொட்டிய தறிக்குடோனில் இரண்டு தறி ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. வாசலில் நூல்மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தீனதயாளன், கரண்ட் போய்விட்டதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தான். கரண்ட் இருந்தது. மற்ற இரண்டு தறியும் தடதடவென்று துண்டு நெய்துகொண்டிருந்தன. அவன் பெண்டாட்டி பெரியநாயகி பார்த்துக்கொள்ளும் தறிகள்தான் நின்றிருந்தன. அவள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தறிக்கு முன்னால் நின்றாள். பாவில் ஒரு கொத்து இழை அறுந்து தொங்கியது.

"ஏ, பெரியநாயகி, என்ன மரமாட்ட நின்னுட்டிருக்கற?"

"இழை பிணைக்கோணுங்க."

"பிணைக்கோணுமுன்னா பிணை."

"பிணைக்கறேனுங்க" என்றாள். கை எழவில்லை.

மூலையில் ராட்டையில் தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த நல்லம்மாள் எழுந்து வந்து, அவளை மெல்ல நகர்த்திவிட்டு அந்த இழைகளைப் பிணைத்தாள். நல்லம்மாள் அந்தக் குடோனில் பத்து வருஷமாக வேலை செய்கிறவள், பெரியநாயகியைவிட மூத்தவள். "நீ போயிச் சித்த படு அம்மிணி. மூஞ்சியே சரியில்ல" என்றாள்.

பெரியநாயகி ராசிபுரத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், தறிச்சத்தத்துக்கு மேலே சிரிக்கிற பெண்ணென்று தெருவில் பேர். உறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் அடுப்படியில் ஒருத்தியாக நின்று பத்துப்பேருக்கு ஆக்கிப் போடுவாள். நோம்பி, பண்டிகை நாளில்கூட மத்தியானத்துக்கு மேல் சும்மா உட்கார மாட்டாள். அப்படிப்பட்டவளுக்குக் கார்த்திகை மழையோடு என்னவோ ஆயிற்று. சாவு விழவில்லை, சண்டை இல்லை, தொழிலிலும் குறை இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அரிசிம்பருப்புச் சோறு ஒருநாள் உப்பில்லாமல் வரும், மறுநாள் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். விடிகாலையில் எல்லாரும் தூங்கும்போது விழித்துக்கொண்டு, மேலே கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். தலை வாரச் சொன்னால் வாருவாள், சொல்லாவிட்டால் இல்லை.

"உனக்கு என்னதான் வெசனம்? என்றகிட்டச் சொல்லப்படாதா?" என்று தீனதயாளன் கேட்காத நாளில்லை.

"ஒண்ணுமில்லீங்க. ஒடம்பு அசந்து சடவா இருக்குது."

சடவு என்றால் ரத்தம் குறைவு என்றார்கள் பக்கத்து வீட்டில். பேரீச்சம்பழமும் ஈரலும் வந்தன. தைராய்டாக இருக்கும் என்றாள் பிளஸ் டூ படிக்கிற மகள் நர்மதா. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. காளியம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். கடைசியில் எப்போதும் போகிற டாக்டரே, "ஒடம்புல ஒண்ணுமில்லைங்க. மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிருங்க" என்று சீட்டு எழுதிக்கொடுத்தார். ஆற்றுக்கு அக்கரையில் பவானியில் ஓர் ஆஸ்பத்திரி.

தீனதயாளனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தும் மாசிக் கடைசியில் கூட்டிக்கொண்டு போனான். பெண்டாட்டிமேல் பிரியம் இல்லாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்கு நல்ல கூட்டம். பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். அவசரத்தில் இருந்த ஒரு நர்சம்மா ஒரு காகிதத்தையும் பேனாவையும் தீனதயாளன் கையில் திணித்து, "கேள்வியப் படிச்சு டிக் பண்ணி வைங்க. ரெண்டு வாரமா எப்படி இருக்குதுன்னு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நாலு கட்டம். இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும்.

தீனதயாளன் காகிதத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு வாசித்தான். பக்கத்தில் நின்றவர்களில் இரண்டுபேர் அவர்கள் தெருப்பக்கத்து ஆட்கள்.

"காரியங்களைச் செய்வதில் ஆர்வம் குறைவு... அதெங்க, நீதான் தறி ஓட்டறயல்ல? இல்லவே இல்லைன்னு போட்டர்றேன்."

டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

"மனம் சோர்ந்து, நம்பிக்கையில்லாமல்... அதுக்கென்ன கேடு நமக்கு? இல்ல. தூக்கமின்மை... அது இருக்குது. சில நாட்கள். பசியின்மை... சாப்படறயல்ல?"

"நீங்க சொன்னாச் சாப்படறனுங்க."

"அப்ப இல்ல."

இப்படியே கீழே வந்தான். தன்னைப்பற்றித் தாழ்வாக நினைப்பது இல்லை, கவனம் சிதறுவது சில நாட்கள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வாசிக்காமலே 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டுக் காகிதத்தை மடித்துவிட்டான்.

பெரியநாயகி பத்தாவது வரைக்கும் படித்தவள். அவன் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வரியை வாசித்துவிட்டாள். செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு வருகிறதா என்று கேட்டிருந்தது.

கூட்டிப் பார்த்து, லேசாகத்தான் இருக்கிறது என்றார்கள். சத்து மாத்திரை கொடுத்து, ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார்கள். தீனதயாளனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் நர்மதாவிடம், நல்லம்மாளிடம், போனில் ராசிபுரத்து மச்சானிடம், எல்லாரிடமும் அதையே சொன்னான்: "லேசாத்தானாம்."

அந்த ஒரு சொல்லே பெரியநாயகிக்கு வினையாகிவிட்டது. அதற்கு முன்பு படுத்தால் சீக்கு என்று விட்டார்கள். இப்போது படுத்தால், "லேசுன்னுதான சொன்னாங்க? எந்திரிச்சு நாலு வேலை செஞ்சாச் சரியாப்போயிரும்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். அவளும் எழுந்து செய்தாள். மாசி போய்ப் பங்குனி வந்தது. குடோனின் தகரக்கூரை காய்ந்து, நூற்பிசிறு வேர்வையில் கழுத்தெல்லாம் ஒட்டியது. அவள் நூல் தீர்ந்த நாடாவில் தாரை மாற்றினாள், நெய்து முடித்த பீஸை அறுத்தாள், சோறாக்கினாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது, ஈரச்சேலை கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிற மாதிரி இருந்தது.

ஒருநாள் காலையில் நர்மதாவுக்கு டிபன் டப்பாவில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்தில் நின்று நிதானமாகச் சொல்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. நீ இல்லாட்டி இவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவள் டப்பாவை மூடி, மகள் கையில் கொடுத்து, வாசல்வரை போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அந்த நினைப்பு அவளுக்குப் புதிதல்ல. கொஞ்ச நாளாக வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அது வந்தபோது அவளுக்குப் பயமே வரவில்லை, நல்ல சேதியைப் போல இதமாக இருந்தது. பயம் வராததுதான் அவளைப் பயப்பட வைத்தது.

அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. இதைக் கேட்கவென்றே ஒரு வரி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இது தனக்கு மட்டும் வருவதில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். பதில்தான் இன்னும் போகவில்லை.

குடோனுக்குப் போய் நல்லம்மாள் முன்னால் நின்றாள். தறிச்சத்தத்தில் பேச்சு கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

"நல்லம்மக்கா, நான் பவானி போயிட்டு வாரேன். ஆஸ்பத்திரிக்கு."

"மாசம் இன்னும் ஆவலையே?"

"இப்பவே போவோணுங்க."

"உன்ற ஊட்டுக்காரரு ஈரோடு போயிருக்கறாரு. வந்தாக் கூட்டிட்டுப் போவாருல்ல?"

"நான் தனியாப் போவோணும்."

நல்லம்மாள் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்தாள். "உன்ற ரெண்டு தறியும் நான் பாத்துக்கறேன். பஸ்ஸு ஏத்திவிடட்டுமா? வரட்டுமா கூட?"

"பஸ்ஸு ஏத்திவிடுங்க, போதும்."

பஸ்ஸில் ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. காவிரிப் பாலம் வருவதற்கு முன்பே, ஆறு கண்ணில் படாதபடி அவள் எழுந்து, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரின் பையையே பார்த்தபடி நின்றாள். இடம் இருக்கும்போது ஏன் நிற்கிறாய் என்று ஒரு அம்மா கேட்டாள். "இருக்கட்டுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. உள்ளறையில் ஃபாத்திமா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், மாதா பேரை வைத்திருந்தார்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நோயாளிகளிடம் பேசுவது அவள் வேலை. கழுத்தில் சின்னச் சிலுவை. பழைய சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"போன தடவை எழுதினதுல லேசாத்தானே வந்திருக்குது. இப்ப அதிகமா இருக்குதாங்க?"

"அது நான் எழுதலீங்க."

"அப்புறம்?"

"என்ற ஊட்டுக்காரரு எழுதுனதுங்க. கேள்வி பூராவும் என்னப்பத்தி, பதில் பூராவும் அவருது." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். இவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. "எனக்குப் புதுசா ஒண்ணு குடுங்க. நானே எழுதறேன்."

ஃபாத்திமா அந்தப் பழைய காகிதத்தைத் தள்ளி வைத்தாள். "உங்ககிட்டயே குடுத்திருக்கணும். எங்க தப்புதாங்க" என்றாள். புதுக் காகிதம் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவசரமில்ல. புரியலைன்னா கேளுங்க."

பெரியநாயகி முதல் கேள்விக்கு டிக் போட்டுவிட்டு, இரண்டாவதில் நின்றுவிட்டாள்.

"இதுல மனம் சோர்ந்துன்னு போட்டிருக்குதுங்க. அப்படின்னா வெசனமுங்களா?"

"வெசனமுன்னா நீங்க எதைச் சொல்றீங்க?"

"ஒருத்தரு செத்துப்போனா வெசனமா இருக்கும். அழுவோம். அழுதாத் தீரும். எனக்கு அது இல்லீங்க. வெசனம் வந்தாக்கூடத் தேவலைன்னு இருக்குது. உள்ள ஒண்ணுமே இல்லை. புள்ள நல்ல மார்க்கு வாங்கீட்டு வந்து காட்டறா. நல்லதுன்னு தெரியுது, சந்தோஷம் வரமாட்டேங்குது."

"அதையுந்தாங்க இந்தக் கேள்வி கேக்குது. அது எத்தனை நாள் இருக்குது?"

"எல்லா நாளுந்தான்."

"அப்ப எந்தக் கட்டம்னு நீங்களே போடுங்க."

பெரியநாயகி கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள். பசியைப் பற்றிய கேள்விக்கு, "சாப்படறனுங்க, ஆனாப் பசிக்கறதில்ல. எதைப் போட?" என்று கேட்டாள். சடவுக்கு யோசிக்கவே இல்லை. தன்னால் குடும்பத்துக்குக் கெடுதல் என்று நினைப்பதா என்ற கேள்விக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

கடைசிக் கேள்வியைப் பெரியநாயகி வாய்விட்டு வாசித்தாள். ஒரு சொல்லும் விடாமல் முழுசாக வாசித்தாள். பிறகு, "பாதி நாளைக்கு மேல" என்று சொல்லிக்கொண்டே டிக் போட்டுவிட்டு, காகிதத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஃபாத்திமா பதறவும் இல்லை, ஐயோ என்று சொல்லவும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, அந்த நினைப்பைப் பற்றி நேராக விசாரித்தாள். எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்கிறாள், ஏதாவது செய்துகொள்ள மனசு துணிந்ததுண்டா என்றெல்லாம் கேட்டாள். பெரியநாயகி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல, கண்ணில் தண்ணீர் வந்தது. தனக்கு அழுகை வருவதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கூட்டிப் பாத்தா கடுமைன்னுதாங்க வருது" என்றாள் ஃபாத்திமா. "லேசில்ல. ஆனா இந்தக் காயிதம் எவ்வளவு இருக்குதுன்னுதான் சொல்லும். மீதியை டாக்டர் உங்ககிட்டப் பேசிப் பாத்துத்தான் சொல்வாரு. இது குணமாகற சீக்குங்க. ஆனா ஒண்ணு, வீட்டுல ஒருத்தருக்கு இது தெரிஞ்சே ஆகணும். இன்னைக்கு உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"போன் பண்ணி வரச்சொல்லுங்க. சொல்றத நாஞ்சொல்லிக்கறேன்."

டாக்டர் அவளிடம் பேசி மாத்திரை எழுதிக்கொடுத்த பிறகு, தீனதயாளன் ஈரோட்டிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும்தான் அவனுக்கு உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது.

"சொல்லாமக்கொள்ளாம வந்திருக்கறயே, என்னாச்சு ஏதாச்சுன்னு நான் என்னன்னு நெனைக்கறது? நாந்தான் கூட்டிட்டு வருவனல்ல?"

"உக்காருங்க."

"என்னன்னு சொல்லு மொதல்ல."

"உக்காருங்க, சொல்றேன்."

அவன் உட்கார்ந்தான். ஃபாத்திமாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த காகிதத்தைப் பெரியநாயகி மடியில் விரித்தாள். முதல் கேள்வியிலிருந்து வாசித்து, தான் போட்ட பதிலையும் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவதிலேயே தீனதயாளன் குறுக்கே பேசினான்.

"ஏம்புள்ள, அப்படியெல்லாம் இல்லை. நீ என்னத்தையோ நெனச்சுட்டு..."

"ஏனுங்க, முடிச்சுக்கறேன். பொறவு பேசுங்க."

அவள் அப்படி அவனை நிறுத்தியது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. அவள் கடைசிவரை வாசித்தாள். கடைசிக் கேள்வியையும் வாசித்தாள், அதற்குத் தான் போட்ட பதிலையும்.

மரத்திலிருந்து வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. தீனதயாளன் குனிந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். தலைமுடியிலும் புருவத்திலும் நூற்பிசிறு ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு அதைப் படிக்க எனக்கு வாய் வரலை" என்றான். "படிச்சா நடந்துருமோன்னு பயந்துட்டேன்."

"தெரியுமுங்க. உங்களுக்குப் பின்னாலதான நின்னேன்."

"நீ ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொல்றதுக்குக்கூடச் சடவா இருந்துதுங்க."

அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஊருக்குள்ள தெரிஞ்சா ஒரு மாதிரிப் பேசுவாங்க. நாளைக்கு நர்மதாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்போ..." என்று இழுத்தான்.

"ஊருக்கு நீங்க என்ன வேண்ணாச் சொல்லுங்க. சளின்னு சொல்லுங்க, காமாலைன்னு சொல்லுங்க. டாக்டருகிட்ட மட்டும் நான் உள்ளதச் சொல்லுவேன். நர்மதாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்போ நான் இருக்கோணுமல்லங்க?"

தீனதயாளன் சட்டென்று எழுந்து ரோட்டுப்பக்கம் போனான். திரும்பி வரும்போது கையில் இரண்டு டீயும் ஒரு பன்னும் இருந்தன. டீ பாதி அவன் கையிலேயே கொட்டியிருந்தது. பன்னைப் பிய்த்து அவளிடம் நீட்டினான். "டாக்டரு என்ன மாத்திரை எழுதியிருக்கறாருன்னு காட்டு. எப்பெப்பக் குடுக்கோணும்?" என்றான்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதல் சில வாரம் வாய் வறண்டது, தலை கனத்தது. சித்திரை வெயிலில் ஒருநாள், இதெல்லாம் வீண் என்று மாத்திரையைத் தூர வைத்துவிட்டாள். தீனதயாளன் திட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து, "நீ சொல்லித்தான நான் இதை ஒத்துக்கிட்டேன்? இப்ப நீயே உட்டா எப்படி?" என்றான். அவள் கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டாள். அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள். பகலில் நல்லம்மாள், பொழுது சாய்ந்தால் நர்மதா. யாரும் அதைக் காவல் என்று சொல்லவில்லை. நல்லம்மாள் வெங்காயம் உரிக்க உட்காருவாள், நர்மதா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்துவிடுவாள். நடுவில் இரண்டுமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் ஃபாத்திமாவிடம் பேசிவிட்டு வந்தாள்.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம், கொள்ளுப்பருப்பு கடையும்போது அந்த வாசனைக்கு அவளுக்கு வயிறு கேட்டது. சட்டியோடு வைத்து நாலு கவளம் நின்றபடியே சாப்பிட்டாள்.

ஆடியில் மறுபடி கேள்வித்தாள் எழுதும் நாள் வந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஈரக்காற்று அடித்தது. காகிதம் வந்ததும் தீனதயாளன் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். எட்டிப் பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தான். இருந்தும் கால் சும்மா இருக்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

அவள் நிதானமாக எழுதினாள். பசியின்மைக்கு, இல்லவே இல்லை. தூக்கமின்மைக்கு, சில நாட்கள். சடவு இன்னும் பாதி நாளைக்கு மேல் இருந்தது, அதையும் அப்படியே போட்டாள். கடைசிக் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். முதல் கட்டத்தில் போட்டால் அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான் என்று அவளுக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டுவதற்குள் ஊருக்கே போன் பண்ணிவிடுவான். போன வாரம் துணி உலர்த்தும்போது ஒருமுறை அந்த நினைப்பு வந்து போனதும் அவளுக்குத் தெரியும்.

சில நாட்கள் என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"எழுதிட்டயா?" என்றான் தீனதயாளன், காலண்டரைப் பார்த்தபடியே.

"ஆச்சுங்க. பாக்கறீங்களா?"

அவன் காகிதத்தை வாங்காமல், அவள் கையில் இருந்தபடியே மேலிருந்து கீழே வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் முகம் சுருங்கிற்று.

"இன்னுமா?"

"எப்பவாச்சும் வருதுங்க. முந்தி மாதிரி இல்ல. வந்தா இப்பப் பயம் வருது. எந்திரிச்சு ஆளிருக்கற பக்கம் போயிர்றேன்."

"வந்தா என்றகிட்டச் சொல்லு. தறி ஓடீட்டிருந்தாலுஞ் சரி, ஏவாரி வந்து உக்காந்திருந்தாலுஞ் சரி. எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு வாரேன்."

"சொல்றனுங்க."

உள்ளேயிருந்து பேர் கூப்பிட்டார்கள். பெரியநாயகி காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவனும் பாதி எழுந்து, உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல், "நானும் வரட்டுமா?" என்று கேட்டான்.

"வாங்க" என்றாள். "பேசறத நான் பேசிக்கறேன்."